மலையேறிய கத்தரிக்காய்

வில்பட்டியில் கத்தரிக்காய் விளைவதில்லை. கேரட் விளைகிறது, பீன்ஸ் விளைகிறது, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பட்டாணியும் விளைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு விளைகிறது. கத்தரி மட்டும் இல்லை. அது வெயிலைத் தின்று வளரும் செடி. பற்கள் தந்தியடிக்கும் மலை இரவுகளையும், மார்கழி தை மாதங்களில் புல்லில் உறைபனி படியும் விடியல்களையும் அது தாங்காது. ஆகவே வில்பட்டியில் ஒரு வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கிறதென்றால், அந்தக் காய் சமவெளியிலிருந்து மலையேறி வந்திருக்கிறது என்று பொருள். இந்த முறை நான் அந்தக் காயோடு சேர்ந்தே மலையேறினேன்.

பயணத்தை ஒட்டன்சத்திரத்தில் தொடங்கினேன். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரின் காந்தி மார்க்கெட், தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. சுற்று வட்டாரத் தோட்டங்களின் முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, சின்ன வெங்காயம் எல்லாம் இங்கே வந்து குவிகின்றன. இங்கிருந்து கிளம்பும் லாரிகளில் பெரும்பங்கு கேரளம் போகிறவை. ஓணம் நெருங்கினால் இந்த ஊரில் விலை ஏறும். கேரளத்தில் பெருமழை என்றால் இங்கே மூட்டை தேங்கும். கமிஷன் கடை வாசலில் காயைக் கொட்டி, ஏலம் கூவி, எடை போட்டு, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர் வழியில் நின்றால் தலைச்சுமைக்காரரின் குரல் வந்து ஒதுக்கிவிடும்.

சந்தைக்கு வெளியே சில்லறைக் கடை விரித்திருந்த ஒரு பெரியவரிடம் கத்தரிக்காய் கேட்டேன்.

"எதுக்கு தம்பி? பொரியலா, குழம்பா?"

"எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு, ஐயா. உள்ள மசாலா அடைக்கணும்."

நீளக் காய்களை ஒதுக்கிவிட்டு, ஊதாவில் வெள்ளை வரி ஓடிய உருண்டைக் காய்களின் பக்கம் அவர் கை போனது. "அடைக்கிற காய் உள்ளங்கையில ரெண்டு அடங்கணும். காயைப் பாத்து வாங்காதீங்க, காம்பைப் பாத்து வாங்குங்க" என்றார். காம்பும் அதை ஒட்டிய பச்சைத் தொப்பியும் வாடாமல், விரலில் முள் குத்தும் அளவுக்கு விறைப்பாக இருந்தால் காய் பறித்து அதிக நேரம் ஆகவில்லை. அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கும், குழம்பு கசக்கும். ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரிந்தாலும் தனியே எடுத்துப் போட்டார். அது காய்த்துளைப்பான் புழுவின் வேலை.

அந்தச் சின்னத் துளைக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்காடலே நடந்திருக்கிறது. இந்தப் புழுவை எதிர்க்கும் மரபணுவை ஏற்றி உருவாக்கிய பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரி 9 அன்று, அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் காலவரையின்றி நிறுத்திவைத்தார். அதற்கு முன் நாட்டின் பல நகரங்களில் விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் அழைத்து அவர் கருத்துக் கேட்டிருந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-2, எம்.டி.யு.-1, கே.கே.எம்.-1, பி.எல்.ஆர்.-1 என்ற நான்கு ரகங்களிலும் அந்த மரபணு ஏற்றப்பட்டிருந்தது. எதிர்த்தவர்கள் முன்வைத்த முக்கியமான வாதம், கத்தரியின் தாயகங்களில் ஒன்று இந்தியா என்பது. காட்டுக் கத்தரி இங்கே இன்னும் வேலியோரத்தில் முளைக்கிறது. ஊருக்கு ஒரு ரகம் இருக்கிறது. மணப்பாறைக் கத்தரிக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

கத்தரியின் பழமை அதைவிட வியப்பு. ஹரியானாவில் ஃபர்மானா என்ற ஹரப்பா காலத்து ஊரைத் தோண்டியபோது கிடைத்த பானைகளிலும் மனிதப் பற்களிலும் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கத்தரி, இஞ்சி, மஞ்சள் மூன்றின் தடமும் அவற்றில் இருந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் யாரோ கத்தரிக்காயை மஞ்சளோடும் இஞ்சியோடும் சமைத்திருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் துணிப்பையில் போட்டுக் கொடுத்த அரைக் கிலோவை வாங்கும்போது அந்த நினைப்பு எனக்குப் பெருமையாகவே இருந்தது. கூடவே சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு தேங்காய், புளி, ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டேன். பூண்டு வாங்கவில்லை. அது மேலே இருக்கிறது.

பழனிச் சாலையில் ஆயக்குடியைக் கடக்கும்போது சாலையோரம் முழுக்கக் கொய்யா. பழனி அடிவாரத்தில் இறங்கினேன். மலைக்கும் சமவெளிக்கும் ஆகாரத்தில் இருக்கும் உறவு இங்கே கோயில் பிரசாதமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது விருப்பாச்சி மலை வாழைப்பழம். தண்ணீர் குறைவான அந்தப் பழம் பழனிமலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்வது. அதனால்தான் பஞ்சாமிர்தம் நாள்பட்டும் கெடாமல் இருக்கிறது. அதில் சேரும் நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பு ஆலைகளிலிருந்து வருவது. மலைப்பழமும் சமவெளிச் சர்க்கரையும் சேர்ந்தால்தான் முருகனுக்கே பிரசாதம். பழத்துக்கு 2008இலும் பஞ்சாமிர்தத்துக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பிக்கிறது. முதலில் புளியமரமும் முட்புதரும். கொஞ்சம் ஏறியதும் மா, பலா. இன்னும் ஏறினால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்ற, கீழே காப்பி, இடையிடையே மலை வாழை. சவரிக்காடு தாண்டி வடகவுஞ்சிப் பக்கம் வரும்போது காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த அம்மா ஒருவர் சன்னலைச் சாத்திவிட்டு, மடியில் இருந்த பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் பேரனுக்கு மாட்டிவிட்டார். பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலை வந்து சேர்கிறது. அது மேஜர் லா பெயரால் லாஸ் காட் சாலை என்று பெயர் பெற்றது. 1916இல் அது போக்குவரத்துக்குத் திறக்கும்வரை மேலே வந்தவை எல்லாம் ஒற்றையடிப் பாதையில், கால்நடையாகவோ, குதிரையிலோ, டோலியிலோ, ஆள் தலைச்சுமையாகவோ வந்தவைதான். எதிரே காய்கறி ஏற்றிய வேன்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கேரட்டும் பீன்ஸும் கீழே போகின்றன. அரிசியும் புளியும் எண்ணெயும் கத்தரிக்காயும் மேலே வருகின்றன. இரண்டுக்கும் இந்த வளைவுகள்தான் வழி.

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் எல்லோரும் ஏரியைப் பார்த்து நடந்தார்கள். மதுரை கலெக்டராக இருந்து ஓய்வு பெற்ற வியர் லெவிஞ் 1863இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. கொடைக்கானல் என்றால் அந்த ஏரி, தூண்பாறை, பைன் காடு, கையில் ஒரு சாக்லேட் பொட்டலம். அதோடு திரும்பிவிடுகிறோம். நான் நாயுடுபுரம் வழியாக வில்பட்டி போகும் பேருந்தைப் பிடித்தேன். வழியில் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்ததில் முன்நின்றது இதன் உயிர்த்தொழில்நுட்பத் துறை. 2019இல் குறியீடு கிடைத்தது. வகுப்பறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வயல். அந்த வயலில் விளையும் பூண்டுக்காக அந்த வகுப்பறை வழக்காடி ஜெயித்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பல்கலைக்கழகம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

சாலை இறங்கி ஒரு திருப்பத்தில் வளைந்ததும் வில்பட்டி முழுதாகத் தெரிந்தது. சரிவு முழுக்கப் படி படியாக வெட்டிய வயல்கள். ஒரு படியில் முட்டைக்கோசின் சாம்பல் பச்சை, அடுத்த படியில் கேரட் தழையின் இளம்பச்சை, அதற்கும் கீழே உழுது போட்ட செம்மண். நடுவே ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் ஊர். வெற்றிவேலப்பர் கோயில். பூம்பாறையின் குழந்தை வேலப்பரைப் போலவே இங்கும் மலைக்குச் சொந்தக்காரர் முருகன்தான். 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலைகளை அளக்க வந்ததும், 1845இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டியதும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குன்னுவர் குடிகள் இந்தச் சரிவுகளில் உழுதுகொண்டிருந்தார்கள்.

நான் தங்கியது ஒரு விவசாயி வீட்டில். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். சமையலறையில் கேஸ் அடுப்பு இருந்தாலும் பின்கட்டில் விறகடுப்பு எப்போதும் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே, புகை படும் பரணில், தாளோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்கின. புகையில் கறுத்த கொத்தைக் கையில் எடுத்து ஊதினால், உள்ளே வெளிர்மஞ்சள் தோல் அப்படியே இருக்கிறது. இந்தப் புகைதான் பூண்டுக்குப் பெட்டகம். ஈரம் இறங்காது, பூச்சி அண்டாது, பல் முளைவிடாது. நன்றாகக் காய்ந்து புகை கண்ட மலைப்பூண்டு ஒரு வருஷம் வரைக்கும் தாங்கும். பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு போகம். மே மாதத்தை ஒட்டி ஒன்று, நவம்பரை ஒட்டி ஒன்று. ஒரு பூண்டு சராசரி 20 முதல் 30 கிராம். அந்தப் பரணில் இருந்ததில் விற்பனைக்கு ஒரு பகுதி. இன்னொரு பகுதி விதைப்பூண்டு. வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொட மாட்டார்கள்.

வீட்டுக்கார அக்காவிடம் கத்தரிக்காய்ப் பையை நீட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "நல்ல காய். இங்க கடைக்கு வர்றதுக்குள்ள தொங்கிப் போயிருக்கும். ஒட்டஞ்சத்திரமா?" என்றார். "ஆமாக்கா." "அப்ப நீயே அரிஞ்சு குடு தம்பி. நான் மசாலா வறுக்குறேன்."

காம்பை எடுக்கவில்லை, நுனியை மட்டும் சீவினோம். காயின் அடிப்பக்கத்திலிருந்து கத்தியை இறக்கி, காம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தி, பிறகு குறுக்காக இன்னொரு கீறல். நாலு இதழாக விரியும், ஆனால் உதிராது. வெட்டிய காய் காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்பதால் அரிசி கழுவிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு அதில் இறக்கினோம்.

அக்கா இரும்பு வாணலியில் எண்ணெய் சொட்டுவிட்டு ஒவ்வொன்றாக வறுத்தார். இரண்டு மேசைக்கரண்டி தனியா, ஒரு கரண்டி கடலைப்பருப்பு, அதில் பாதி உளுந்து, எட்டு வரமிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம். அவை சிவந்து வாசம் வந்ததும் தட்டில் கொட்டி ஆறவிட்டு, அதே சூட்டில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எள், கடைசியாகத் துருவிய தேங்காய். எள் வெடிக்கத் தொடங்கும் முன் இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கசப்பு. எல்லாவற்றையும் உப்பும் மஞ்சளும் நாலு பல் பூண்டும் சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்தார். பாதியைக் காய்களில் அடைத்தோம். இதழ்களை விரலால் அகட்டி, மசாலாவைக் காம்பு வரைக்கும் தள்ளி, வெளியே வழிந்ததை வழித்து, காயை உள்ளங்கையில் வைத்து ஓர் அழுத்து. அது வாயை மூடிக்கொண்டது.

அடைத்த கத்தரிக்காய் இந்தியாவில் பல சமையலறைகளில் உண்டு. ஆந்திரத்தில் குத்தி வங்காய, வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்கு எண்ணெகாயி, மகாராஷ்டிரத்தில் கோடா மசாலா சேர்ந்த பரலி வாங்கி, ஹைதராபாதில் பகாரா பைங்கன். வேர்க்கடலையும் எள்ளும் தேங்காயும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருகின்றன. தமிழ்நாட்டுக் கை தெரிவது வறுத்த தனியாவிலும் பருப்பிலும், சோற்றில் ஊற்றிப் பிசையும்படி புளிக் குழம்பாகவே அதை நிறுத்துவதிலும். வாணலியில் சேர்ந்த பொருள்களின் பூர்வீகத்தைக் கேட்டால் உலகமே வந்து நிற்கும். மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. பூண்டு மத்திய ஆசியாவிலிருந்து நடந்து வந்தது. புளியமரத்தின் ஆதி வீடு ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலார். கத்தரியும் எள்ளும் நம் மண்ணில் பயிரானவை. வீடு தேடி வந்தவர்களை வீட்டுக்காரி சேர்த்துக்கொண்டதுபோல, கத்தரி அத்தனையையும் தன் வயிற்றில் வைத்துக்கொண்டது.

அடுத்து நடந்ததைத்தான் இந்தப் பயணத்தின் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் வெங்காயத்தையும் காயையும் இரண்டு பிரட்டு பிரட்டிவிட்டு, புளியைக் கரைத்து ஊற்றிக் குழம்பிலேயே வேகவிடுவது வழக்கம். நான் புளிக்கரைசலைக் கையில் எடுத்ததும் அக்கா தடுத்துவிட்டார்.

"கீழ அப்படிச் செய்யலாம் தம்பி. இங்க புளி முந்துச்சுன்னா காய் நறுக்கு நறுக்குன்னு நிக்கும். எவ்வளவு கொதிச்சாலும் வேகாது. முதல்ல எண்ணெயில வேகட்டும்."

அவர் சொன்னதில் முழு இயற்பியலும் இருக்கிறது. கொடைக்கானல் ஏரிக்கரை ஏறத்தாழ 7000 அடி உயரம். வில்பட்டி அதைவிடச் சற்றுத் தாழ்வு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் போவதில்லை. 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஆவி வேகமாகப் போகுமே தவிர, சூடு ஏறாது. மலையில் பருப்பும் கிழங்கும் வேகத் தாமதமாவதும், மேல்மலை வீடுகளில் குக்கர் இல்லாமல் காரியம் நடக்காததும் இதனால்தான். புளிப்பு அந்தத் தாமதத்தைக் கூட்டுகிறது. காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் காய் குழையும். புளித்த நீரில் அது கரைய மறுக்கும். குறைந்த சூடு, கூடவே புளிப்பு என்று இரண்டும் சேர்ந்தால் கத்தரி விறைத்துக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும்? நல்லெண்ணெய்க்கு மட்டும் மலையும் சமவெளியும் ஒன்று. எண்ணெயின் சூடு காற்றழுத்தத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. காயை எண்ணெயிலேயே வேகவைத்துவிட்டால் மலை அதிகம் குறுக்கே வராது.

அப்படியே செய்தோம். வாணலியில் தாராளமாக நல்லெண்ணெய். அதில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம். தோலுரித்த மலைப்பூண்டுப் பற்களையும் சின்ன வெங்காயத்தையும் முழுசாகப் போட்டு, விளிம்பு பொன்னிறமாகும் வரை வதக்கினோம். பூண்டுப் பல்லை இடித்தால் காரமும் நெடியும் ஏறும். முழுசாக எண்ணெயில் வேகவிட்டால் அதே பல் இனிப்பாகிவிடும். பிறகு காய்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, தீயைத் தணித்து, மூடி போட்டோம். மூடிமேல் அக்கா கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். உள்ளே எழும் ஆவி குளிர்ந்து காயின்மேலேயே சொட்ட வேண்டும் என்பதற்காக. சற்று நேரம் கழித்துத் திறந்தபோது வாணலியில் எண்ணெய் அநேகமாக இல்லை. பதறத் தேவையில்லை என்றார். கத்தரியின் சதை முழுக்கக் காற்றறைகள். சூடு பட்டதும் அவை எண்ணெயைக் குடிக்கும். வெந்து குழைந்து அறைகள் சரியும்போது குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டு மறுபடி மூடினோம். ஊதாத் தோல் சுருங்கித் தவிட்டு நிறம் ஆனது. ஓரங்களில் எண்ணெய் மறுபடி கசிந்து தெரிந்தது. அக்கா கரண்டிக் காம்பால் ஒரு காயைத் தொட்டார், உள்ளே இறங்கியது. "இப்ப ஊத்து" என்றார்.

எலுமிச்சை அளவு புளியின் கரைசலில் மீதி மசாலாவைக் கலந்து ஊற்றினேன். கொதித்து, புளியின் பச்சை வாசம் போய், மேலே எண்ணெய் பிரிந்து நின்றதும் ஒரு துண்டு வெல்லம். கடைசியாக அம்மியில் நாலு பல் மலைப்பூண்டைத் தட்டி, அடுப்பை அணைத்த பிறகு குழம்பில் போட்டு மூடினார். வேகவிட்ட பூண்டு குழம்புக்கு இனிப்பைக் கொடுத்திருந்தது. இது நெடியைக் கொடுக்க. மூடியைத் திறந்ததும் எழுந்த வாசனையைச் சமவெளிப் பூண்டில் நான் கண்டதில்லை. மூக்கில் ஏறிக் கண்ணைத் தொட்டுவிட்டு, பிறகு அடங்கி ஒரு சூடான மணமாக நிற்கிறது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு காயைக் காம்போடு பிடித்து விரலால் அழுத்தினால், தோல் தனியே வந்து சதை மசாலாவோடு கலந்துவிட்டது. நாட்டுக் கத்தரியும் மலைப்பூண்டும் ஒரே வாயில். அந்த நேரத்தில் என் மனதில் ஒன்று உறுதிப்பட்டது. கொடைக்கானலை நாம் பார்த்துவிட்டு வரும் ஊராக மட்டும் வைத்திருக்கிறோம். நம் அடுக்களையில் பாதி இந்த மலைதான்.

சாப்பிட்டுக்கொண்டே பேசியதில், அந்தப் பாதி எவ்வளவு சிரமத்தில் நிற்கிறது என்பதும் தெரிந்தது. பூண்டு பெரும்பாலும் இறங்கிப் போவது பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு. தென்மாவட்டங்களின் பூண்டு விலை அங்கேதான் நிர்ணயமாகிறது. வெளிமாநிலப் பூண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால் மலைப்பூண்டும் சேர்ந்து சரிகிறது. வேறு ஊர்ப் பூண்டைக் கொடைக்கானல் பூண்டு என்று விற்பவர்கள் குறியீடு வந்த பிறகும் இருக்கிறார்கள். வயலில் காட்டுமாடு இறங்கினால் ஒரு ராத்திரியில் ஒரு போகமே போய்விடும். பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. விரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராக்காவல். வில்பட்டிச் சாலை நெடுகப் படிவயல்களுக்கு நடுவே காட்டேஜ்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பூண்டில் பல போகத்தில் கிடைக்காத தொகையை நிலத்தை விற்றால் ஒரே கையெழுத்தில் வாங்கலாம். விற்றவர்களை அந்த வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. "பிள்ளைங்க படிப்பு இருக்குல்ல தம்பி" என்றார் அக்கா. விற்காதவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அவர்களும் விற்காதவர்கள்.

இந்த மிடுக்கு நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். படிவயல் என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடும் வேலை இல்லை. மழைக்குச் சரியும் கரையை வருஷா வருஷம் கல் வைத்துக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் மண் ஓடையில் இறங்கும். மேலே தேங்கி நிற்க வேண்டிய நீர் நிற்காது. பழனி மலையின் ஓடைகள்தான் வரதமாநதிக்கும் பாலாறு-பொருந்தலாறுக்கும் நீர் கொண்டுவருகின்றன. ஒட்டன்சத்திரம், பழனித் தோட்டங்களின் கத்தரிக்கும் முருங்கைக்கும் மேலே மலை இருக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் தண்ணீர். வில்பட்டியில் கத்தரி விளையாமல் இருக்கலாம். வில்பட்டி வில்பட்டியாக இருந்தால்தான் கீழே கத்தரி விளையும்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கி வில்பட்டிக்கு ஒருமுறை போய்வாருங்கள். இப்போது மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஊருக்குள் போகப் பேருந்து இருக்கிறது. விவசாயி வீட்டுத் திண்ணையில், தாளோடு கட்டிய பூண்டுக் கொத்தைக் கேட்டு வாங்குங்கள். கையில் அழுத்தினால் பல் அமுங்கக் கூடாது. தோலில் லேசாகப் புகை வாசம் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைக்காமல், அடுப்படியில் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அப்புறம் பிஞ்சுக் கத்தரிக்காய் அரைக் கிலோ வாங்கி, மசாலா அடைத்து, எண்ணெயில் முழுக்க வேகவிட்டு, புளியைக் கடைசியில் ஊற்றுங்கள். சமவெளி வீட்டிலும் அந்த வரிசை காயை உடைக்காமல் குழைய வைக்கிறது என்பதை ஊர் திரும்பியபின் செய்து பார்த்தேன்.

ஒன்றே ஒன்று. அந்தத் திண்ணையில் பேரம் பேச வேண்டாம். அவர்கள் சொல்லும் விலைக்குள்தான் கரை கட்டும் கூலியும், ராக்காவலும், பரணில் தொடாமல் வைத்திருக்கும் அடுத்த போகத்து விதைப்பூண்டும் இருக்கின்றன.